வட்டி யார் கையிலிருந்து வருகிறது?

கேள்வி:

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். வயது 61. ஓய்வூதியம் வருகிறது. சொந்த வீடு, கடன் இல்லை, பிள்ளைகள் இருவரும் அவரவர் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார்கள். பணிக்கொடையும் மற்றதும் சேர்ந்து 18 லட்சம் வங்கியில் இருக்கிறது. இதில் 5 லட்சத்தை நாலு பேருக்கு நல்லது நடக்கிற மாதிரி முதலீடு செய்ய ஆசை. என் அக்கா மகனின் நண்பர் மரச்செக்கு எண்ணெய் கம்பெனி நடத்துகிறார். கிராமத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறார். 5 லட்சம் கொடுத்தால் மாதம் ஒன்றரை சதவீதம் தருவதாகச் சொல்கிறார். வங்கியில் கேட்டால் ஈ.எஸ்.ஜி. ஃபண்டில் போடச் சொல்கிறார்கள். சமூகப் பங்குச் சந்தை என்று ஒன்று வந்திருப்பதாகவும் படித்தேன். வட்டியும் வர வேண்டும், நல்லதும் நடக்க வேண்டும் என்று நினைப்பது பேராசையா?

— ஓய்வு பெற்ற ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

பேராசை இல்லை. உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைதான் நினைவுக்கு வந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. பணம் கட்ட முடிந்தவர்களிடம் நியாயமான கட்டணம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்து, நன்கொடையை நம்பி நிற்காமல் தன் வருமானத்திலேயே வளர்ந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று 1992-ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே தயாரித்து, விலையைப் பல மடங்கு குறைத்தார்கள். சேவை வேறு, வரவு செலவு வேறு என்று சொல்கிறவர்களுக்கு நம் ஊரிலேயே ஐம்பது வருடமாக நிற்கும் பதில் இது.

ஆனால் அரவிந்தில் நீங்கள் ஒரு பங்கு கூட வாங்க முடியாது. அது அறக்கட்டளை. லாபத்தைப் பிரித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை, அதனால்தான் இலவச அறுவை சிகிச்சைக்குப் பணம் மிஞ்சுகிறது. உங்கள் ஆசையில் இருக்கும் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நல்ல காரியங்களில் பலவும் வட்டி தர முடியாதவை. வட்டி தருகிறோம் என்று வருகிறவற்றில் சிலதான் நல்ல காரியங்கள். அந்தச் சிலதைப் பிரித்தெடுக்க நான் எந்தத் திட்டத்திடமும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: எனக்குக் கொடுக்கப்போகும் வட்டி யார் கையிலிருந்து வருகிறது?

இந்தக் கேள்வி எனக்குப் படிப்பில் வரவில்லை. 2009-ல் ஒரு சிறுகடன் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். ஏழைப் பெண்களுக்கு ஈடில்லாமல் கடன் கொடுக்கிற இடம். நானும் பெருமையோடுதான் போனேன். ஒருநாள் கிளைத் தணிக்கைக்காகத் தெற்கே ஒரு கிராமத்துக்கு, வசூல் செய்யும் பையனோடு அவன் பைக்கிலேயே போனேன். காலை ஏழரை மணி. மாரியம்மன் கோயில் திண்ணையில் பாய் விரித்துப் பதினைந்து பெண்கள் ஐந்து ஐந்து பேராக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உறுதிமொழி சொன்னார்கள். பிறகு கசங்கிய நோட்டுகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. இரண்டாவது வரிசையில் ஒருத்தியிடம் 350 ரூபாய் குறைந்தது. வீட்டுக்காரருக்கு நான்கு நாளாக வேலை இல்லை என்றாள். பையன் எதுவும் கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினான். "குழு பார்த்துக்கணும்க்கா, நான் வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். பணம் முழுதாகச் சேராமல் யாரும் எழுந்திருக்க முடியாது. மற்றவர்களுக்குக் களையெடுக்கப் போகும் நேரமாகிவிட்டது. முனகல் ஆரம்பித்தது. அவள் தன் மகளைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். பத்து வயது இருக்கும், அந்தப் பெண் வீட்டுக்கு ஓடிப்போய்க் கொலுசைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தது. வரிசையில் இருந்த இன்னொரு அம்மா கொலுசை வாங்கி வைத்துக்கொண்டு 350 ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை கிளைக் கணக்கில் நான் பார்த்த வரி: வசூல் 100 சதவீதம்.

அந்த 100 சதவீதம் மாத அறிக்கைக்குப் போகும். அங்கிருந்து முதலீட்டாளர்களுக்கு அனுப்பும் ஆண்டு மலருக்குப் போகும். ஏழைகள் நாணயமானவர்கள் என்பதற்கு ஆதாரமாக அச்சாகும். நாணயமானவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தவணை தொழிலில் வந்த லாபத்திலிருந்து கட்டப்பட்டதா, குழந்தையின் காலிலிருந்து கட்டப்பட்டதா என்று சொல்ல அந்த அறிக்கையில் ஒரு கட்டம் கூட இல்லை.

அடுத்த வருடமே அந்தத் துறை முழுவதும் ஆட்டம் கண்டது. 2010 ஆகஸ்டில் எஸ்கேஎஸ் மைக்ரோஃபைனான்ஸ் என்ற சிறுகடன் நிறுவனம் 985 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. ஏழைகளுக்குக் கடன் கொடுத்துப் பணக்காரர் ஆகலாம் என்று சந்தையே கொண்டாடியது. அதே அக்டோபரில், கடன் நெருக்கடியால் தற்கொலைகள் என்ற செய்திகளுக்கு நடுவே, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டு வசூல் முறைகளுக்குக் கடிவாளம் போட்டது. அந்த மாநிலத்தில் தவணை வருவது ஏறக்குறைய நின்றே போனது. 2012-ல் அந்தப் பங்கு 100 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. கடன் வாங்கிய பெண்ணும் பங்கு வாங்கியவரும் ஒரே காரணத்தால் விழுந்தார்கள். கட்டுகிறவரின் வருமானம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் ஒருவர்மேல் மூன்று நான்கு கடன்கள் ஏற்றப்பட்டிருந்தன.

இன்றைக்கு நிலைமை பரவாயில்லை. 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்குக் கொடுக்கும் ஈடில்லாக் கடன்தான் சிறுகடன். அந்தக் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே நிலவரத்தைச் சொல்லிவிடும். சிறுகடன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கந்துவட்டிக்காரரிடம் காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 கொடுக்கிற காய்கறிக்கார அம்மாவுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் உங்களிடம் யாராவது "ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுக்கிறோம், உங்களுக்கு 12 சதவீதம்" என்று வந்தால், அந்தப் பெண் என்ன வட்டி கட்டுகிறாள் என்று கேளுங்கள். பதின்மூன்றரை சதவீதம்தான் என்பார்கள். வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடுகிற ஃப்ளாட் வட்டியா, கட்டக் கட்டக் குறையும் அசலுக்கா என்று மறுபடி கேளுங்கள். 50,000 ரூபாய்க் கடனை 24 மாதத் தவணையில் மாதம் 2,640 ரூபாய் வீதம் கட்டினால் மொத்தம் சுமார் 63,400 ஆகிறது. ஃப்ளாட் கணக்கில் பார்த்தால் அது பதின்மூன்றரை. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் போட்டால் 24 சதவீதம். நீங்கள் தலைமை ஆசிரியை, இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. கட்டுகிறவர்களில் பலருக்கு அதை யாரும் விளக்குவதில்லை.

சரி, உங்கள் செக்கு எண்ணெய்க்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

5 லட்சத்துக்கு மாதம் ஒன்றரை சதவீதம் என்றால் 7,500 ரூபாய். அது எங்கிருந்து வர வேண்டும்? எண்ணெய் விற்ற லாபத்திலிருந்து. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு விலை, கூலி, மின்சாரம், பாட்டில், கடைக்காரர் கமிஷன் எல்லாம் போய், புண்ணாக்கு விற்ற காசும் சேர்ந்து, லிட்டருக்கு 30 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஒருவரின் வட்டிக்காக மட்டும் அவர் மாதம் 250 லிட்டர் விற்க வேண்டும். அதற்கு 625 கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். உங்களைப் போல் பத்துப் பேரிடம் வாங்கியிருந்தால் 2,500 லிட்டர், ஆறே கால் டன் பருப்பு. அவருடைய செக்கு மாதம் எவ்வளவு ஆட்டுகிறது? இந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டே சரியான எண்ணைச் சொல்கிறவராக இருந்தால் மேலே பேசலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். கடலை வரத்து உள்ள மாதங்களில் பருப்பு மலிவு, வரத்து இல்லாத மாதங்களில் விலை ஏறும். தொழில் இப்படி ஏறி இறங்கும்போது உங்களுக்கு மட்டும் மாதாமாதம் அதே 7,500 வருகிறது என்றால், கெட்ட மாதத்தில் அது வேறு எங்கிருந்தோ வருகிறது. அங்கே வேலை செய்யும் பெண்களின் கூலியைத் தள்ளிப்போட்டு வரலாம், பருப்பு கொடுத்த விவசாயிக்குப் பாக்கி வைத்து வரலாம், அடுத்து பணம் போட்டவரின் அசலிலிருந்தும் வரலாம். அவர் நல்லவராகவே இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். நல்லவர்தான் முதலில் தன் பணியாளர்களிடம் "இந்த மாசம் பொறுத்துக்கங்க" என்பார், ஏனென்றால் உங்களிடம் அப்படிச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும். நீங்கள் யாருக்கு உதவ நினைத்தீர்களோ அவர்களே உங்களுக்கு வட்டி கட்டியதாகிவிடும்.

பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்ன ஆனது என்று உங்கள் மாவட்டத்துக்காரரிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. 2012-ல் அது கவிழ்ந்தபோது, கொட்டகை போட்டுப் பறவையை வளர்த்தால் மாதம் இவ்வளவு, வருடம் இவ்வளவு என்ற வாக்குறுதியை நம்பியவர்கள் பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். விவசாயிக்கு மாற்று வருமானம் என்ற நல்ல பெயரோடுதான் அதுவும் வந்தது. அந்தக் கறியைச் சாப்பிட ஆள் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமல் போனது. செக்கெண்ணெய்க்குச் சாப்பிட ஆள் இருக்கிறது, அந்த வித்தியாசம் பெரியது. ஆனாலும் மாதம் ஒன்றரை என்ற வாக்கைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சட்டமும் இதில் உங்கள் பக்கம்தான். பிரைவேட் லிமிடெட் கம்பெனி, பங்குதாரர் அல்லாத வெளியாளிடம் இப்படி வட்டிக்குப் பணம் வாங்க முடியாது. சட்டப்படி அது டெபாசிட். கம்பெனியாகப் பதிவு செய்யாத தொழில் என்றாலும், உறவல்லாதவர்களிடம் டெபாசிட் திரட்டுவதை 2019-ல் வந்த மத்திய சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 1997-லிருந்தே முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்த இளைஞருக்கு இது தெரியாமலேயே இருக்கலாம். அவரிடம் சொல்லுங்கள், அவருக்கும் அது நன்மைதான்.

பிறகு இதையும் கேளுங்கள்: வங்கியில் ஏன் வாங்கவில்லை? சிறு உணவுத் தொழில்களுக்குப் பிரதமரின் பெயரில் ஒரு திட்டம் 2020-ல் வந்தது. இயந்திரச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்று அதில் வைத்தார்கள். மாதம் ஒன்றரை என்றால் வருடத்துக்கு 18 சதவீதம். மீதிக்கு வங்கிக் கடன் அதைவிட நன்றாகவே குறைந்த வட்டியில் கிடைக்கும். அது இருக்க, உங்களிடம் 18-க்கு ஏன் வருகிறார்? கணக்கு எழுதாமல் இருந்து வங்கி மறுத்திருந்தால், ஒரு ஆடிட்டரைப் பிடித்து இரண்டு வருடக் கணக்கைச் சரிசெய்துகொடுப்பது உங்கள் 5 லட்சத்தைவிட அவருக்குப் பெரிய உதவி. ஏற்கனவே வங்கிக் கடனில் மூழ்கியிருந்தால் உங்கள் பணம் அந்த வட்டிக்குத்தான் போகும். மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம். தொழில் ஓடுகிறது, இயந்திரக் கடனும் கிடைத்துவிட்டது, அறுவடை நேரத்தில் பருப்பை வாங்கி இருப்பு வைக்கத்தான் கையில் காசில்லை. அப்படியென்றால் உங்கள் பணத்துக்கு அங்கே உண்மையிலேயே வேலை இருக்கிறது. உங்கள் பணம் வராவிட்டால் நடக்காத ஒரு காரியம், உங்கள் பணத்தால் நடக்கும்.

அந்த மூன்றாவது காரணமாக இருந்தால், ஒரு லட்சம் வரை போடுங்கள். வட்டிக்குக் கொடுக்காமல் பங்காகப் போடுங்கள். பங்கு வாங்க அழைக்கும் கடிதத்தை (ஆஃபர் லெட்டர்) கம்பெனி முறையாகத் தர வேண்டும், பணம் வங்கி வழியாக மட்டுமே போக வேண்டும், 60 நாளுக்குள் உங்கள் பெயருக்குப் பங்கு ஒதுக்க வேண்டும். லாபம் வந்த வருடம் பங்கு லாபம் வாங்குங்கள், வராத வருடம் எண்ணெய் வாங்கிக்கொண்டு வாருங்கள். அதற்கு முன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போங்கள். சம்பள நாளாக இருந்தால் நல்லது. உள்ளே வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து, நாளைக்கு எவ்வளவு, எந்தக் கிழமை கொடுக்கிறார்கள், கடைசியாக எப்போது தவறியது என்று கேளுங்கள். முப்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே வீட்டுப்பாடம் செய்தார்களா இல்லையா என்று கண்டுபிடித்தவர் நீங்கள். எந்தத் தணிக்கையாளரையும்விட உங்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

வங்கியில் சொன்ன ஈ.எஸ்.ஜி. ஃபண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் இந்த மூன்றிலும் நன்றாக நடந்துகொள்ளும் கம்பெனிகளின் பங்குகளை வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட் அது. பெயரை மறைத்துவிட்டு உள்ளே என்ன பங்குகள் என்று பார்த்தால் பெரிய வங்கிகளும் ஐ.டி. கம்பெனிகளும்தான் முன்னால் நிற்கும். ஃபண்ட் அந்தப் பங்குகளைச் சந்தையில் இன்னொரு முதலீட்டாளரிடமிருந்து வாங்குகிறது. கம்பெனிக்கு அதில் ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. கெட்டதில் என் பணம் இருக்க வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்ல வழி. நல்லது நடக்க வேண்டும் என்பவருக்கு அது தொலைவு. தவிர, முழுக்க முழுக்கப் பங்குச் சந்தை என்பதால் ஏழு வருடமாவது தொடாமல் இருக்க முடிந்தால்தான் நல்லது. உங்களுக்கு இது வேண்டாம்.

சமூகப் பங்குச் சந்தை வேறு ரகம். பெயர்தான் குழப்புகிறது. 2019 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, 2022-ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதிகளைக் கொண்டுவந்தது. அதில் தொண்டு நிறுவனங்கள் வெளியிடும் பத்திரத்துக்கு வட்டியும் கிடையாது, அசலும் திரும்பி வராது. ஆமாம், பெயரே அப்படித்தான், பூஜ்ய வட்டி பூஜ்ய அசல் பத்திரம். முதன்முதலில் 2023 இறுதியில் பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை இளைஞர்களுக்கான வேலைப் பயிற்சிக்காக 1.8 கோடி திரட்டியது. சாதாரண நன்கொடைக்கும் இதற்கும் வித்தியாசம், பணத்தை என்ன செய்தோம், எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று அவர்கள் வருடாவருடம் தணிக்கை செய்த அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும். ஆரம்பத்தில் 2 லட்சமாக இருந்த குறைந்தபட்சத் தொகையை 10,000 ஆக்கி, 2025-ல் 1,000 ரூபாய்க்கே இறக்கிவிட்டார்கள். இதை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். கோயில் உண்டியலுக்கும் அன்னதானத்துக்கும் ஒதுக்குகிற பணத்திலிருந்து கொடுங்கள். வட்டி யார் கையிலிருந்து என்ற என் கேள்விக்கு இந்தப் பத்திரம்தான் மிக நேர்மையான பதிலைச் சொல்கிறது.

எனக்குப் பிடித்த வகை ஒன்று உண்டு. இந்தூர் மாநகராட்சி ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி ஓடும் நர்மதையிலிருந்து மேட்டில் இருக்கும் ஊருக்குத் தண்ணீரை ஏற்றுகிறது. மோட்டார் ஓட்டும் மின்கட்டணமே மாதம் 25 கோடி அளவுக்குப் போனது. அதைக் குறைக்க 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்க முடிவு செய்து, 2023 பிப்ரவரியில் பொதுமக்களிடமே 244 கோடிக்குப் பத்திரம் விற்றார்கள். வட்டி 8.25 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கேட்டதைப்போல் பல மடங்குக்கு விண்ணப்பம் வந்தது. இங்கே வட்டி எதிலிருந்து வருகிறது பாருங்கள். கரண்ட் பில்லில் மிச்சம் பிடிக்கப்போகும் பணத்திலிருந்து. யாருடைய கொலுசும் கழலவில்லை. இப்படி ஒரு மிச்சத்திலிருந்தோ புதிதாக உண்டான மதிப்பிலிருந்தோ வருகிற வட்டியை நிம்மதியாக வாங்கிக்கொள்ளலாம். சென்னை மாநகராட்சியும் 2025-ல் பத்திரம் வெளியிட்டது, ஆனால் அதை வாங்கியவர்கள் பெரிய நிறுவனங்கள்தான். இந்தூரைப் போல நம்மைப் போன்றவர்களுக்கும் திறந்துவிடும் வெளியீடு அடிக்கடி வருவதில்லை. வரும்போது தயாராக இருக்க, பங்கையும் பத்திரத்தையும் மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு ஒன்று மட்டும் திறந்து வையுங்கள். வாங்கினால் முதிர்வு வரை வைத்திருப்பேன் என்ற எண்ணத்தோடு வாங்குங்கள். நடுவில் விற்கலாம் என்று பெயருக்குத்தான் சந்தை இருக்கிறது, வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றால், சுற்றுச்சூழல் திட்டங்களுக்காக மத்திய அரசு கடன் வாங்கும் பசுமைப் பத்திரம் உண்டு. 2023 ஜனவரியில் தொடங்கினார்கள். தனிநபர்கள் அரசுப் பத்திரம் வாங்குவதற்கான ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் கணக்கு வழியாக 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். பணம் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் உங்கள் பணம் வந்ததால்தான் ஒரு சூரியத் தகடு கூடுதலாக முளைத்தது என்று சொல்ல முடியாது. வட்டி அரசு கஜானாவிலிருந்து வருகிறது, நீங்களும் நானும் கட்டும் வரியிலிருந்து.

அப்புறம், யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி. அதில் நீங்கள் போடும் நிரந்தர வைப்பு, ஊர்க் கூட்டுறவுச் சங்கம் வழியாகப் பயிர்க்கடனாகவும் நகைக்கடனாகவும் மகளிர் குழுக் கடனாகவும் அதே மாவட்டத்துக்குள் சுற்றுகிறது. பயிர்க்கடனை விவசாயி தவணைக்குள் கட்டிவிட்டால் அவருக்கு வட்டியே இல்லை, அந்தச் சுமையை அரசு ஏற்கிறது. மாவட்ட வங்கியில் போடும் பணத்துக்கு, மற்ற வங்கிகளைப் போலவே, வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. பெயர்ப் பலகைகள் ஒரே மாதிரி இருப்பதால் பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். ரசீதில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பளபளப்பான கையேடு, ஆண்டு மலர், தாக்க அறிக்கை எதுவும் அவர்கள் தரமாட்டார்கள். ஆனால் நீங்கள் போட்ட பணம் உங்கள் பள்ளியில் படித்த ஒருவனுடைய மஞ்சள் காட்டுக்கு உரமாகப் போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஆளுக்கு ஆள் கடன் கொடுக்கும் பி-டு-பி தளங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விளம்பரம் கண்ணில் படும். கிராமத்து விவசாயிகள், கைவினைஞர்களுக்கென்றே நடக்கும் ரங் தே போன்றவை இருக்கின்றன. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற தளமா என்று பார்க்க வேண்டும். ஒரே ஆளுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. பணம் திரும்பாவிட்டால் நட்டம் முழுக்க உங்களுடையது, தளம் ஈடுகட்டக் கூடாது என்பதே விதி. கடன் வாங்குகிறவரிடம் எவ்வளவு வட்டி என்று வெளிப்படையாகத் தெரிந்தால் மட்டும், இழந்தாலும் தூக்கம் கெடாத தொகையைப் போடலாம்.

சரி, 18 லட்சத்துக்கு வருவோம். உங்களுக்கு ஓய்வூதியம் இருப்பது பெரிய பலம். 13 லட்சத்தில் 3 லட்சத்தை ஆஸ்பத்திரிச் செலவு, அவசரம் என்று வங்கியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி வையுங்கள். 10 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். நான் இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். இந்த 13 லட்சத்தைச் சேவைக்காகத் தொடவே தொடாதீர்கள். வயதான காலத்தில் பிள்ளைகளிடம் கை நீட்டாமல் இருப்பதும் குடும்பத்துக்குச் செய்கிற நல்லதுதான்.

மீதி 5 லட்சத்தில் 3 லட்சத்தை மாவட்டக் கூட்டுறவு வங்கியில் ஒரு வருட வைப்பாக வையுங்கள். நல்ல மாநகராட்சிப் பத்திரம் வந்தால் முதிர்வில் ஒரு பகுதியை அங்கே மாற்றலாம். ஒரு லட்சம் செக்குக்கு, மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால் மட்டும். 40,000 ரூபாயைப் பதிவு பெற்ற பி-டு-பி தளம் வழியாகப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கடனாகக் கொடுத்துப் பாருங்கள். 10,000 ரூபாய் சமூகப் பங்குச் சந்தையில், திரும்பி வராது என்று தெரிந்தே. கடைசி 50,000-ஐ எதிலும் போடாதீர்கள். ஒரு வருடம் இதையெல்லாம் கவனித்த பிறகு எது மனத்துக்கு நிறைவாக இருந்ததோ அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் இந்த 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு ஐந்தாறு சதவீதம் வந்தால் நான் சந்தோஷப்படுவேன். செக்குக்காரர் சொன்ன 18-ல் மூன்றில் ஒரு பங்குதான் இது.

அவர் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் என்மேல் பழியைப் போடுங்கள். "ஆலோசகர் கணக்கைப் பார்க்கணும் என்கிறார்" என்று சொல்லி, கடைசி இரண்டு வருட இருப்புநிலைக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல் நகல், யார் யாருக்கு எவ்வளவு கடன் என்ற பட்டியல் மூன்றையும் வாங்கி எனக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலில் உங்களைப் போல ஒன்றரை சதவீதத்துக்குக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்ததும், ஒரு லட்சமா அல்லது ஒன்றுமே வேண்டாமா என்று சொல்லிவிடுகிறேன்.